நடுவழிக்கு இரங்கல் எழுதுகிறவர்களுக்கு

2025 அக்டோபர் தொடக்கத்தில் சாரா முல்லாலி காண்டர்பரியின் அடுத்த தலைமைப் பேராயர் என்று அறிவிக்கப்பட்டார். அந்தப் பீடத்தின் வரலாற்றில் முதல் பெண் அவர்தான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காஃப்கான் என்னும் பழமைவாத ஆங்கிலிக்கக் கூட்டமைப்பு, ருவாண்டாவின் தலைமைப் பேராயர் லாரென்ட் எம்பாண்டாவின் கையெழுத்தில் ஓர் அறிக்கை விட்டது. காண்டர்பரியோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உலக ஆங்கிலிக்க ஐக்கியம் இனி நாங்களே என்பது அதன் சாரம்.

அன்றிலிருந்து, எதிரெதிர் தரப்புகளை ஒரே சபைக்குள் வைத்திருக்கும் ஆங்கிலிக்க நடுவழிக்கு இரங்கல் எழுதுவது ஒரு தொழிலாகிவிட்டது. எழுதுகிறவர்கள் இரண்டு வகை. பழமைவாதிகளுக்கு நடுவழி என்பது லவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்பு. சத்தியத்தை விற்றுச் சமாதானம் வாங்கும் வியாபாரம். முற்போக்காளர்களுக்கு அது அநீதியைத் தவணை முறையில் நீட்டிக்கும் தந்திரம். எதிலும் ஒத்துப்போகாத இந்த இரு தரப்பும் ஒரு தீர்ப்பில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன: ஆங்கிலிக்க மிதவாதம் என்பது முதுகெலும்பில்லாதவர்களின் ஒளிவிடம்; அது எதையும் காப்பாற்றியதில்லை, உடைவைத் தள்ளிப்போட்டது மட்டுமே; தெளிவாக ஒரு பக்கம் நின்றிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. நம்மூர்ப் பிரசங்க மேடைகளிலும் இது இப்போது வேதவாக்குப்போல ஒலிக்கிறது.

இது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது.

அடிப்படைப் பிழை, மிதவாதத்தை ஒரு மனநிலையாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. இதமாகப் பேசுகிறவர், யாரையும் நோகடிக்காதவர், எல்லாம் நல்லதுக்கே என்று தலையாட்டுகிறவர்: இவரைத்தான் மிதவாதி என்று நினைத்து ஏசுகிறார்கள். அப்படிப்பட்டவரை நானும் ஏசுவேன். ஆனால் ஆங்கிலிக்க வரலாற்றில் வேலை செய்த மிதவாதம் குணம் அல்ல, ஏற்பாடு. யார், எந்தப் பீடத்தில், எதை, எத்தனை காலத்துக்குச் செய்யலாம், மற்றவர் அதை எந்த அளவுக்குப் பொறுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்த விதி.

1559ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தைப் பாருங்கள். திருவிருந்தில் அப்பத்தைக் கொடுக்கும்போது குருவானவர் சொல்ல வேண்டிய வார்த்தைகள் 1549இல் ஒருவிதமாக இருந்தன. அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரமாகவே கொள்கிறவருக்கு நிறைவு தரும் வார்த்தைகள் அவை. 1552இல் அவற்றை நீக்கிவிட்டு, இது நினைவுகூருதல் என்று கொள்கிறவருக்கு ஏற்ற வார்த்தைகளை வைத்தார்கள். எலிசபெத் காலத்தவர்கள் செய்தது எளிது: இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். முதல் வாக்கியம் ஒருவருக்கு, இரண்டாவது அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டவருக்கு. இரண்டையும் இருவரும் கேட்டாக வேண்டும். யாருடைய நம்பிக்கையும் அங்கே நீர்க்கவில்லை. அடுத்தவருடைய வாக்கியத்தையும் கேட்காமல் தனக்கு அப்பம் இல்லை என்பதுதான் நிபந்தனை.

எலிசபெத்தின் ஆட்சியைப் புனிதமாக்க நான் வரவில்லை. 1581இல் யேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியனும், 1593இல் பிரிவினைவாதப் பியூரிட்டன்களான பாரோவும் கிரீன்வுட்டும் தூக்கில் ஏறியது அந்த ஆட்சியில்தான். சபைக்குள்ளே இருப்பவனுக்கு இரண்டு வாக்கியம், வெளியே நிற்பவனுக்குக் கயிறு. அதை மிதம் என்று எவரும் மெச்ச முடியாது. ஆனால் அந்த ஜெபப் புத்தகத்தின் உத்தி அந்த ஆட்சியின் கொடுமையையும் தாண்டி நின்றது.

இப்போது தெளிவுக்கு வருவோம். தெளிவு வேண்டும் என்கிறவர்கள், அது ஒருமுறையும் முயன்று பார்க்கப்படாததுபோலப் பேசுகிறார்கள். முயன்று பார்த்தார்கள், பலமுறை. 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டம் அதில் பெரியது. பேராயரின் கையால் குருப்பட்டம் பெறாதவருக்கு இங்கிலாந்துத் திருச்சபையில் இடமில்லை. ஜெபப் புத்தகம் முழுவதையும் மனதார ஏற்றாக வேண்டும். இதைவிடத் தெளிவு எங்கே கிடைக்கும்? ஏறத்தாழ 2,000 ஆயர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அவர்களும் அவர்கள் பின்னே போன சபைகளும் காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் என்று தனித் திருச்சபைகளாக நிலைத்தார்கள். தெளிவு கிடைத்தது, திருச்சபை உடைந்தது. இந்த 1662ஐ மனதில் வைத்திருங்கள், பிறகு சென்னையில் தேவைப்படும்.

அடுத்த முயற்சி 1874. மெழுகுவர்த்தி, தூபம், பூசை அங்கி என்று ரோமைச் சாயலில் வழிபாடு நடத்திய குருமார்களை அடக்குவதற்காகவே பொது வழிபாட்டு ஒழுங்குச் சட்டம் வந்தது. தலைமைப் பேராயர் டெய்ட் முன்வைத்தார், பிரதமர் டிஸ்ரேலி முட்டுக்கொடுத்தார். மனம் நொந்த சபையார் மூன்று பேர் கையெழுத்திட்டால் புகார் செல்லும். விளைவு என்ன? குருமார்கள் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மான்செஸ்டர் மைல்ஸ் பிளாட்டிங் பகுதியின் சிட்னி ஃபெய்தார்ன் கிரீன், 1881 மார்ச் முதல் மறு ஆண்டு நவம்பர் வரை லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தார். கொலையோ களவோ செய்தவரில்லை. பீடத்தில் விளக்கேற்றியவர், ரசத்தில் தண்ணீர் கலந்தவர். பூசை அங்கியை வெறுத்த நல்ல புராட்டஸ்டண்ட் குடும்பத்தவர்கள்கூட இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சடங்கை ஒழிக்க வந்த சட்டம் சடங்குவாதிகளுக்குத் தியாகிகளைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, தானே செல்லாக்காசாகி, 1960களில் ஏட்டிலிருந்தும் நீங்கியது.

அதே சண்டையை வேறு விதமாக முடித்தவர் தலைமைப் பேராயர் பென்சன். லிங்கன் பேராயர் எட்வர்ட் கிங் இதே குற்றங்களுக்காக அவர் முன் நிறுத்தப்பட்டார். 1890 நவம்பரில் வந்த தீர்ப்பை நான் ரசித்துப் படிப்பதுண்டு. சட்டப் புத்தகத்தில் நகைச்சுவை தேடுகிறவர்களுக்கு அது விருந்து. பீடத்தில் விளக்கு எரியலாம், ஆனால் ஆராதனை தொடங்குவதற்கு முன்பே ஏற்றியிருக்க வேண்டும். ரசத்தில் தண்ணீர் கலக்கலாம், ஆனால் ஆராதனைக்கு நடுவில் கலக்கக்கூடாது. கிழக்கு நோக்கி, சபையாருக்கு முதுகைக் காட்டி நிற்கலாம், ஆனால் அப்பத்தைப் பிட்கும் கை சபையாரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாவ விமோசனத்தின்போதும் ஆசீர்வாதத்தின்போதும் சிலுவை அடையாளம் வரையக்கூடாது.

சிரிப்பு வருகிறதல்லவா? தண்ணீர் எத்தனை மணிக்குக் கலந்தது என்பதா சத்தியம் என்று இரு தரப்பும் அன்று கேலி செய்தன. ஆனால் அந்தத் தீர்ப்பின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. ரசத்தில் தண்ணீர் கலப்பதற்கு என்ன பொருள் என்று பென்சன் தீர்ப்பளித்திருந்தால் ஒரு பாதி வெளியேறியிருக்கும். பொருளைத் தொடாமல் நேரத்தையும் இடத்தையும் மட்டும் வகுத்தார். கிங் பாதி வென்றார், பாதி தோற்றார், தோற்ற பாதியில் கீழ்ப்படிந்தார். 1892இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. சிறையால் முடியாததைத் தண்ணீரின் நேரம் முடித்துவைத்தது.

இனி நம் மண்ணுக்கு வரலாம். வலிந்து கொண்டுவரவில்லை, இந்த விவாதத்தின் மிகப் பெரிய சோதனை நடந்த இடமே இதுதான்.

திருநெல்வேலியில் இரண்டு ஆங்கிலிக்க மிஷன்கள் இருந்தன. பாளையங்கோட்டைப் பக்கம் சி.எம்.எஸ்., சடங்கைக் குறைத்துப் பிரசங்கத்தைக் கூட்டிய மரபு. இடையன்குடி, நாசரேத் பக்கம் எஸ்.பி.ஜி., திருவிருந்துக்கும் பேராயர் பட்டத்துக்கும் கூடுதல் எடை கொடுத்த மரபு. 1877இல் சென்னைப் பேராயருக்கு உதவியாக ஒரே நாளில் இருவரைக் கல்கத்தாவில் அபிஷேகம் செய்தார்கள்: சி.எம்.எஸ். தரப்புக்கு எட்வர்ட் சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. தரப்புக்கு இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணக்காரராக நாம் கொண்டாடும் கால்டுவெல், திருச்சபைக் கணக்கில் ஒரு சமரச ஏற்பாட்டின் ஒரு பாதி! ஒரே மாவட்டத்துக்கு இரண்டு உதவிப் பேராயர் என்பது அழகான ஏற்பாடு அல்ல. ஆனால் அந்த அழகின்மையைத் தாங்கியதால்தான் 1896இல் இரண்டு மிஷன் சபைகளுக்கும் பொதுவாகத் திருநெல்வேலித் திருமண்டலம் உருவாக முடிந்தது.

அந்த மண்ணில், வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியாதான் 1919இல் தரங்கம்பாடியில் கூடி, தென்னிந்தியச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் முதன்மையானவர். ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் எல்லாரும் சேர வேண்டும். முட்டுக்கட்டை பழையதுதான், 1662இல் போட்டது: பேராயர் கை வைக்காதவரின் குருப்பட்டம் செல்லுமா? ஆங்கிலிக்கரின் ஒரு சாரார் செல்லாது, மறுபடி பட்டம் பெற வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் நாங்கள் இத்தனை ஆண்டு கொடுத்த திருவிருந்து பொய்யா என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை. தெளிவான பதில் எதைச் சொன்னாலும் ஒரு தரப்பு எழுந்து போகும். 28 ஆண்டு பேசினார்கள். ஆங்கிலிக்கச் சபையின் ஒப்புதல் வந்தது 1945 ஜனவரியில். அந்த மாதத்தின் முதல் நாளில் அசரியா காலமானார்.

கிடைத்த ஏற்பாடு இது. இப்போது ஊழியம் செய்கிற எவருக்கும் மறு பட்டம் இல்லை. இனிமேல் பட்டம் பெறுகிற எல்லாருக்கும் பேராயர் கை வைப்பார். ஒரு சபையின் மனசாட்சிக்கு ஒவ்வாத ஊழியரை அந்தச் சபையின் மேல் திணிப்பதில்லை என்று எழுத்தில் வாக்குறுதி. 30 ஆண்டு கழித்து நிலைமையைப் பார்த்து மீண்டும் முடிவெடுப்பது. அவ்வளவுதான். யாருடைய கொள்கை சரி என்ற தீர்ப்பு அதில் எங்கும் கிடையாது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், 14 திருமண்டலங்களோடு தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1662இல் துரத்தப்பட்டவர்களின் மரபில் வந்தவர்களும், துரத்திய திருச்சபையின் பேராயர்களும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். 285 ஆண்டுக்கு முன் தெளிவு கிழித்ததைத் தைத்தது கத்தீட்ரல் சாலையில் நடந்த ஓர் ஆராதனை.

இங்கிலாந்தில் அன்று எழுந்த கூச்சல் இன்றைய கூச்சலைவிடக் குறைந்ததல்ல. கவிஞர் டி.எஸ். எலியட் 1943இலேயே இந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். எஸ்.பி.ஜி. தன் பொது நிதியைப் புதிய திருச்சபைக்குத் தர மறுத்தது. உலக ஆங்கிலிக்கப் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1948இல், புதிய சபையின் குருப்பட்டம் செல்லுமா என்பதில் இரண்டுபட்டது. நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கர்கள் பலர் சேரவே மறுத்தார்கள். அவர்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, அவர்கள் தங்கள் மனசாட்சிக்கு உண்மையாக இருந்தவர்கள். ஆனால் உலக ஆங்கிலிக்கம் உடையும் என்ற ஆரூடம் பொய்த்தது. 1955இல் இங்கிலாந்தின் குருமார் மன்றங்கள் தென்னிந்தியப் பேராயர்களின் பட்டத்தை ஏற்றன. பின்னர் தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்க ஐக்கியத்தின் முழு உறுப்பினரும் ஆனது. இன்று அந்தத் திருச்சபை நீதிமன்றப் படியேறுவது உண்மை. ஆனால் தேர்தலுக்கும் சொத்துக்கும்தான் ஏறுகிறது. யார் கை வைத்த பட்டம் யாருடையது என்று கேட்டு அல்ல. நடுவழி தீர்த்துவைத்த சண்டை தீர்ந்தே இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, அடுத்த தலைமுறைச் சண்டைக்கு இது உதவாது என்பார்கள். இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2012 நவம்பரில் பெண் பேராயர் சட்டம் இங்கிலாந்துப் பொதுச் சினாடில் தோற்றது. பேராயர் அவையிலும் குருமார் அவையிலும் தேறி, சபையார் அவையில் ஆறு வாக்கில் விழுந்தது. நாடே சிரித்தது. பாராளுமன்றத்தில் பொறுமை இழந்தவர்கள், நாங்களே சட்டம் போட்டுத் திருச்சபையின் வாயை அடைக்கிறோம் என்றார்கள்; 1874இன் குரல் அது. சினாடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வட அயர்லாந்தில் சமரச வேலை பார்த்துப் பழகிய டேவிட் போர்ட்டரைக் கூப்பிட்டு, எதிரெதிர் தரப்புகளை அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். சட்டம் சுருங்கியது, அதன் பக்கத்தில் ஐந்து வழிகாட்டும் கோட்பாடுகள் வந்தன. திருச்சபை தன் முடிவை எடுத்துவிட்டது, பெண்ணின் பட்டம் முழுப் பட்டம் என்பது ஒன்று. அதை ஏற்க முடியாதவருக்கும் திருச்சபைக்குள் செழிக்க இடம் உண்டு என்பது இன்னொன்று. புகார் வந்தால் விசாரிக்கத் தனி ஆள் ஒருவரை நியமித்தார்கள். 2014 ஜூலையில் சட்டம் தேறியது.

2015 ஜனவரி 26, யார்க் பேராலயம். முதல் பெண் பேராயராக லிபி லேன் அபிஷேகம் பெறுகிறார். இவர் பட்டம் பெறுவது உங்கள் விருப்பமா என்று யார்க்கின் தலைமைப் பேராயர் சென்டாமு கேட்கிறார். கூட்டத்தில் ஒரு குருவானவர் எழுந்து, இது வேதத்தில் இல்லை என்று கத்துகிறார். சென்டாமு தயாராக வைத்திருந்த பதிலை வாசித்துவிட்டு மறுபடி கேட்கிறார். இம்முறை மறுப்பு இல்லை. சரியாக ஒரு வாரம் கழித்து அதே பேராலயத்தில், பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதை ஏற்காத ஃபிலிப் நார்த் பேராயராகிறார். அவர் தலையில் கை வைத்தவர்கள் அவருடைய கருத்துக்காரர்களான மூன்று பேராயர்கள் மட்டுமே. தலைமைப் பேராயர் பக்கத்தில் நின்றும் கை வைக்கவில்லை. பெண்ணுக்குக் கை வைத்தவரின் கை தீட்டா என்று பலர் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. அந்தக் காட்சி எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் அதன் பலனைப் பாருங்கள். ஃபிலிப் நார்த் இன்று பிளாக்பர்ன் திருமண்டலத்தின் பேராயர். அவர் இருக்கும் அதே திருச்சபையின் தலைமைப் பேராயர் சாரா முல்லாலி. ஒருவர் வெளியேறவில்லை, மற்றவர் தடுக்கப்படவில்லை. முதுகெலும்பில்லாத ஏற்பாடா இது?

அப்படியானால் உலக ஐக்கியம் ஏன் பிளந்தது? இங்கேதான் இரங்கல்காரர்கள் நோயை மாற்றிச் சொல்கிறார்கள். 1998 லாம்பெத் மாநாடு ஒருபாலுறவு வேதத்துக்கு ஒவ்வாது என்ற தீர்மானத்தை 526க்கு 70 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அது தெளிவுக்குத் தெளிவு, பெரும்பான்மைக்குப் பெரும்பான்மை. ஆனால் லாம்பெத் ஒரு மாநாடு; அதன் தீர்மானம் எந்த நாட்டுத் திருச்சபையையும் கட்டுப்படுத்தாது. 2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில், ஒருபாலின இணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் பேராயரானார். பிறகு வந்த ஆங்கிலிக்க உடன்படிக்கை, மீறினால் என்ன விளைவு என்பதை வகுக்கப் பார்த்தது. 2012இல் இங்கிலாந்தின் திருமண்டலங்களே அதை 26க்கு 18 என்று தள்ளின. ஆகமொத்தம் நடந்தது, தெளிவான அறிவிப்பு ஒன்று, அதை மீறிய தெளிவான செயல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடும் இல்லை. நைஜீரியாவின் லாகோஸுக்கும் நியூ ஹாம்ப்ஷையருக்கும் இடையே ஒருவரையொருவர் பொறுத்தாக வேண்டிய ஒரு சேகரம்கூடக் கிடையாது. மிதம் அதிகமாகி உடைந்ததல்ல அது. மிதத்துக்கான கருவி ஒன்றும் இல்லாமல் உடைந்தது.

தெளிவான சபைகள் வளர்கின்றன, மழுப்புகிற சபைகள் தேய்கின்றன என்பது இன்னொரு வாதம். கொள்கைத் தெளிவில் யாருக்கும் குறையாத கத்தோலிக்கத் திருச்சபையின் இருக்கைகள் அயர்லாந்தில் காலியாகிக் கிடப்பதையும், நைஜீரியாவில் எல்லாச் சபைகளும் சேர்ந்தே வளர்வதையும் பார்த்தால் இது நிற்காது.

நிற்கிற வாதம் ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையல்ல. மிதத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்பதே அது. பொறு பொறு என்று சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் பேராயர்கள் அல்ல. குருப்பட்டத்துக்கு அழைப்பு உண்டு என்று நம்பி, 1994 வரை காத்திருந்து நரைத்த பெண்கள். இன்றும் தங்கள் இணைவாழ்வுக்குத் தனி ஆராதனை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு சினாடாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருபாலினத் தம்பதிகள். இந்தக் குற்றச்சாட்டை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2023 பிப்ரவரியில் ஒருபாலின இணைகளுக்கான ஆசீர்வாத ஜெபங்களுக்கு இங்கிலாந்துச் சினாடு வழிவிட்டது. ஏற்காதவருக்கு என்ன இடம், ஏற்கிறவருக்கு அடுத்த படி என்ன, எந்தத் தேதிக்குள் என்ற கேள்விகள் பிற்பாடு பார்க்கலாம் என்று விடப்பட்டன. இரண்டு தரப்பும் ஏமாந்ததாக உணர்ந்தது அதனால்தான். தென்னிந்தியாவில் வாக்குறுதியும் 30 ஆண்டுக் கெடுவும் முதல் நாளிலேயே எழுத்தில் இருந்தன. செலவு இன்னது, கட்டுகிறவர் இன்னார், இத்தனை காலம் என்று எழுதாமல் மிதம் பேசுவது ஏய்ப்புத்தான். அந்த ஏய்ப்பை ஏசுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்கு மருந்து ஏற்பாட்டைச் சரியாக எழுதுவது. ஒரு தரப்பை வாசலுக்கு வெளியே நிறுத்துவதல்ல. வெளியே நிறுத்தினால் கட்டணம் குறைவதில்லை, கட்டுகிறவர்தான் மாறுகிறார்.

கடைசியாக, நடுவழி செத்தது என்று சாட்சி சொல்ல அழைக்கப்படும் காஃப்கானையே விசாரிக்கலாம். அதன் உறுப்பினரான உகாண்டா பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது, நைஜீரியா கொடுப்பதில்லை. கென்யாவில் பெண் பேராயர்களே இருக்கிறார்கள். வட அமெரிக்காவில் 2009இல் பிரிந்துபோய் உருவான ஆங்கிலிக்கத் திருச்சபை, பெண் குருத்துவத்தை ஒவ்வொரு திருமண்டலத்தின் முடிவுக்கு விட்டிருக்கிறது. ஒரே ஊரில் ஒரு திருமண்டலத்தில் குருவானவராக இருக்கும் பெண்ணை அடுத்த திருமண்டலம் ஏற்காமல் போகலாம். இதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்தாலும், செய்கிற காரியம் ஒரே பந்தியில் இரண்டு வாக்கியம் வைப்பதுதான். காண்டர்பரியை விட்டுப் பிரிந்த பிறகும் அந்தக் கேள்வி அவர்களை விட்டுப் போகவில்லை. கென்யப் பெண் பேராயர் ஒருவர் கை வைத்துப் பட்டம் கொடுத்த இளைஞர் நாளை நைஜீரியச் சேகரம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தால், அவர் கையால் அங்கே திருவிருந்து பெறலாமா கூடாதா? கூடாது என்றால் கென்யாவோடு ஐக்கியம் எப்படி? கூடும் என்றால் நைஜீரியச் சபையாரின் மனசாட்சிக்கு என்ன வாக்குறுதி? இந்தக் கேள்வி அவர்கள் மேசைக்கு வரும் நாளில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, எந்தச் சபைக்கு யார் வரலாம், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதித்தான் ஆக வேண்டும்.